ஒவ்வொரு தட்டிலும் ஒரு புத்தகம்

வணக்கம் பிள்ளையள், எல்லாரும் சுகமாயிருக்கிறியளோ? மழைக்காலம், சளி காய்ச்சல் ஒண்டும் இல்லையே? தேத்தண்ணியை ஊத்திக்கொண்டு வந்து இருங்கோ, சொல்லுறன்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மார்கழி. உடுவில் பக்கத்தில், எட்டாம் வகுப்பு வரை உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் வருடக் கடைசிக் கணக்கெடுப்பு. நூலகப் பொறுப்பிலிருந்த குணலட்சுமி ரீச்சர் கொட்டும் மழையில் சைக்கிளை மிதித்து, சீவரத்தினத்தார் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ரெயில் ஓடிய காலத்தில் அவர் ஸ்ரேசன் மாஸ்ரர். பயணிகள் தொலைத்த பெட்டிகளைத் தேடிக் கொடுத்தே பெயரெடுத்தவர். ரெயில் நின்றுபோன பிறகும், சாமான் தொலைத்தவர்கள் அவரிடம்தான் போவார்கள்.

நூலகத்தில் நல்ல புத்தகங்களாய்ப் பார்த்துக் காணாமல் போயிருந்தன. பக்கத்து மண்டபத்தில் குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரே ஒரு மீன்பிடிக் குடும்பம் இருந்தது. பேதுரு, மனைவி யோசப்பின், மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளைக்குக் காய்ச்சல். அடுப்பு மூட்ட அவர்கள்தான் எரித்திருப்பார்கள் என்று அதிபர் தம்பிராசா முடிவே கட்டிவிட்டார். நாளை விடிந்ததும் அவர்கள் வெளியேற வேண்டும்.

"அதுகளுக்குப் போக இடமில்லை மாஸ்ரர். கிளாலியால போறம் எண்டு பேதுரு சொல்லுறார்" என்றாள்.

கிளாலி என்றால், குடாநாட்டை விட்டு வெளியேற இருட்டில் படகேறிக் கடக்கும் கடனீரேரி. நேவி கண்டால் சுடும். சீவரத்தினத்தார் குடையை எடுத்தார்.

"அழுதாப் புத்தகம் வராது பிள்ளை. சைக்கிளைத் திருப்பு."

நூலகத்தில் அவர் எதையும் தொடவில்லை. அலுமாரித் தட்டுகளை மட்டும் பார்த்தார். கணக்குத் தட்டில் ஒரு இடைவெளி, விஞ்ஞானத்தில் ஒன்று, சரித்திரத்தில் ஒன்று, சமயத்தில் ஒன்று. எந்தத் தட்டிலும் இரண்டு இல்லை. சுவரில் நாட்காட்டி ஐப்பசிக்கும் முன்னால், சரஸ்வதி பூசை நாளிலேயே நின்றது. ஏன் கிழிக்கவில்லை என்று கேட்டார்.

தனக்கு முன்னால் பொறுப்பிலிருந்த தங்கமுத்து ரீச்சருக்கு அடுத்த நாள் குண்டுவீச்சில் கால் போனதையும், அவரை வவுனியாவுக்குக் கொண்டுபோனதையும் குணலட்சுமி சொன்னாள். தான் கார்த்திகையில்தான் வந்தாளாம். அந்தத் தாளைக் கிழிக்க மனம் வரவில்லையாம்.

மண்டபத்துக் கூரை பத்து இடத்தில் ஒழுகியது. படகுக் கயிற்றைக் கொடியாய்க் கட்டி ஈரத்துணி போட்டிருந்தார்கள். பிள்ளைகள் உரப்பைகளைப் போர்த்திக்கொண்டு ஒடுங்கிக் கிடந்தன. யோசப்பின் பானையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள்.

"ரீச்சர், உங்கடை சாமிச் சாமானையே நாங்கள் அவிழ்த்துப் பார்க்கேல்லை. புத்தகத்தையோ எரிக்கப்போறம்?"

சீவரத்தினத்தார் அவளிடம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் குணலட்சுமி நச்சரித்தாள். யாரென்று தெரிந்துவிட்டதோ, இப்போதே அதிபரிடம் போவோமோ என்று கேட்டாள். அவருக்கு ஒரு பழக்கம். சரிபார்க்காமல் ஒரு பெட்டியையும் கையளிக்க மாட்டார். "விடிய மட்டும் நேரமிருக்கு. அதிபரையும் வைச்சுக்கொண்டு கதைப்பம்" என்றார்.

விடிந்தபோது மண்டபம் பெருக்கித் துடைத்தபடி கிடந்தது. அடுப்புக் கற்களை மூலையில் அடுக்கி வைத்திருந்தார்கள். பொழுது படுகிற நேரத்திலேயே அவர்கள் புறப்பட்டுவிட்டார்கள். கள்ளர் என்று பெயர் கேட்ட இடத்தில் இன்னொரு இரவு படுக்கப் பேதுருவுக்கு மனமில்லை.

சீவரத்தினத்தார் அங்கே வந்து நின்ற அதிபர் பக்கம் திரும்பினார்.

"எரிக்கிறவன் கைக்கு வந்ததை அள்ளுவான். விக்கிறவன் தடிப்பானதாய்ப் பார்ப்பான். பாடத்துக்கு ஒண்டு, அதுவும் வடிவானதாய் ஆர் எடுப்பினம் அதிபர்? கும்பத்துக்கு முன்னால ஏடு வைக்கிறவை. நாட்காட்டி எந்த நாளில நிக்குது எண்டு பாத்தனீங்களோ?"

அதிபரின் முகம் மாறியது. பூசை இந்த மண்டபத்தில்தான் நடந்தது. வெள்ளை வேட்டியில் பொதி கட்டி, குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்ததும் அவரேதான். மறுநாள் விசயதசமிக்கு அதை எடுக்க இருந்த நேரத்தில் பொம்பர் வந்தது. எல்லாரும் பங்கருக்குள் ஓடினார்கள். அடுத்த கிழமை இந்தக் குடும்பம் வந்தது.

"தங்கமுத்து எடுத்து வைச்சிருப்பா எண்டு நினைச்சிட்டன்" என்றார்.

"யோசப்பின் நேற்று என்ன சொன்னவ? சாமிச் சாமான், அவிழ்த்துப் பார்க்கேல்லை எண்டு. இங்கை வேறை என்ன சாமிச் சாமான் இருக்கு? படகுக் கயிறு வைச்சிருந்த சனத்திட்டைப் பாய்ச்சீலை மட்டும் இல்லை. பிள்ளையளுக்கு உரப்பை. பிள்ளை, வாங்குப் பலகையில ஏறி அந்தக் கூரை வளையில பார்."

குணலட்சுமி ஏறினாள். ஒழுகாத ஒரே மூலை அது. கூரையைத் தாங்கும் வளைமரத்தில், படகின் பாய்ச்சீலையை இரண்டு மடிப்பாய்ச் சுற்றி, கடற்காரர் முடிச்சுப் போட்டு ஒரு பொதி கட்டியிருந்தது. கீழே இறக்கி அவிழ்த்தார்கள். உள்ளே வெள்ளை வேட்டி, அதில் குங்குமம், புத்தகங்கள். ஒரு தாளிலும் ஈரமில்லை.

"போகேக்குள்ளயும் சீலையைக் கழட்டிக்கொண்டு போகேல்லை" என்று மட்டும் சொன்னாள். அதிபர் வாங்கில் இருந்துவிட்டார்.

சீவரத்தினத்தார் குடையை விரிக்கவில்லை. "நான் நேற்றே வாயைத் திறந்திருக்கலாம்" என்று மழைக்குள் இறங்கி நடந்தார்.

குணலட்சுமி சீலையைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு கிளாலிக்கு மிதித்தாள். இரவு படகுகள் போயினவாம். வெடிச்சத்தமும் கேட்டதாம். எந்தப் படகில் யார் இருந்தார்கள், எது கரை சேர்ந்தது என்று அங்கே நின்றவர்களுக்குத் தெரியவில்லை.

கணக்கெடுப்பு அந்த வாரமே முடிந்தது. குறைவு ஒன்றுமில்லை என்று அதிபர் கையொப்பம் வைத்தார். குணலட்சுமி பாய்ச்சீலையை வெயிலில் காய வைத்து, மடித்து, அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அதைக் கேட்டு ஒருவரும் வரவில்லை.

உங்கடை பள்ளிக்கூடத்திலையும் அந்த நாளில இப்பிடி ஒரு குடும்பம் வந்து தங்கியிருக்கும். அதுகள் பிறகு எங்கை போச்சுதுகள், என்ன ஆச்சுதுகள் எண்டு தெரிஞ்சதை எழுதுங்கோ, பிள்ளையள். பேதுரு, யோசப்பின் எண்ட பேர் ஆரும் கேள்விப்பட்டிருந்தால், அதை முதல் எழுதுங்கோ.