பட்டாணிக்கு வந்த கவ்விகள்

பட்டாணி கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு கால்மணி நேரம் ஆகிவிட்டது.

"வெளிய வாடா. ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு. வேன் வந்துடும்," என்றாள் அம்மா.

"நான் வரல."

"ஊசிக்குப் பயமா?"

"ஊசிக்கெல்லாம் பயமில்ல. வரல, அவ்வளவுதான்."

அம்மா அக்காவைப் பார்த்தாள். அக்காவுக்குப் பத்து வயது. தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் தம்பி அவளுக்கு 'சோடாக்கா' என்று பெயர் வைத்தான். அவன் முகம் உருண்டையாக இருந்ததால் அவள் பதிலுக்குப் 'பட்டாணி' என்று வைத்தாள். கணக்கு நேராகிவிட்டது.

மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் பட்டாணியின் கையில் ஊசி குத்தி ஒரு பாட்டில் மருந்து ஏற்றுவார்கள். ஏற்றாவிட்டால்? அதை நினைக்கவே சோடாக்காவுக்குப் பிடிக்கவில்லை. இந்த மருந்து தொடங்குவதற்கு முன்னால், மற்றவர்களுக்கு வந்துபோகிற சாதாரணச் சளி இவனுக்கு மட்டும் நெஞ்சில் இறங்கிவிட்டது. அவன் மூச்சுக்குத் திணறியது இன்னும் அவள் காதில் இருக்கிறது.

அப்போது டாக்டர் ஒரு தாளில் கவண் கட்டுகிற கவட்டைக் குச்சி போல ஒரு படம் வரைந்து காட்டினார். எல்லோர் ரத்தத்திலும் இந்த வடிவத்தில் எதிர்ப்பொருள் என்று ஒன்று சுற்றிக்கொண்டிருக்குமாம். இரண்டு நீளச் சங்கிலிகள் சேர்ந்து நின்று, மேலே ஆளுக்கொரு பக்கம் பிரியும். பிரிந்த ஒவ்வொரு கிளையிலும் ஒரு குட்டைச் சங்கிலி ஒட்டிக்கொள்ளும். அந்த நுனிகள்தான் கிருமியைக் கவ்விப் பிடிக்கும். பட்டாணி உடனே அதற்குக் 'கவ்வி' என்று பெயர் வைத்துவிட்டான்.

நீளச் சங்கிலியை எப்படிச் செய்வது என்ற குறிப்பு மரபணுவில் இருக்கிறது. பட்டாணிக்கு அந்தக் குறிப்பில் பிறக்கும்போதே ஒரு பிழை. நீளச் சங்கிலி இல்லாவிட்டால் குட்டைச் சங்கிலி எதில் ஒட்டும்? அதனால் அவன் உடம்பில் கவ்வியே உருவாகவில்லை. மற்றவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த கவ்விகள்தான் அந்தப் பாட்டிலில் வருகின்றன.

சோடாக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போனாள்.

"இங்க என்னடா நாத்தம்?"

"உன் சாக்ஸ்தான். போன வாரம் தேடினியே."

"சரி, சாக்ஸை விடு. ஏன் வரலைன்னு என்கிட்ட மட்டும் சொல்லு."

பட்டாணி கொஞ்ச நேரம் தரையைச் சுரண்டினான். பிறகு அவள் காதருகே வந்தான்.

"நம்ம வேன் மாமா ரத்தம் குடுத்தார்ல? அடுத்த வாரமே தும்மித் தும்மி வண்டி ஓட்டினார். அவர் கவ்வியெல்லாம் பாட்டிலுக்கு வந்துடுச்சு. ஒரு பாட்டில்ல ஆயிரம் பேரோடது இருக்குன்னு நர்ஸக்கா சொன்னாங்க. நான் ஏத்திக்கிட்டா ஆயிரம் பேரும் தும்முவாங்க."

சோடாக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் கண்ணைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டாள். இந்தச் சின்னத் தலைக்குள் ஆயிரம் பேரைச் சுமந்துகொண்டு படுத்திருக்கிறானே.

"என் கண்ணாடியை ஒருத்தர் செஞ்சு குடுத்தார். அதனால அவருக்குக் கண்ணு தெரியாமப் போச்சா?"

"கண்ணாடியை அவர் கண்ணுலேர்ந்தா பிச்சு எடுத்தாங்க?"

அதுவும் நியாயம்தான். சோடாக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு சுற்றும்முற்றும் பார்த்தாள். சுவரோரம் அம்மாவின் கூடை தெரிந்தது. அம்மா வீட்டில் மணி கோத்து கீ செயின் செய்து கடைக்குக் கொடுப்பவள். கூடையையும் மணி டப்பாக்களையும் சோடாக்கா உள்ளே இழுத்தாள்.

"அம்மா எப்படிக் கோப்பாங்க, சொல்லு."

"மூணு டப்பாலேர்ந்தும் ஒவ்வொண்ணு எடுப்பாங்க. மாத்தி மாத்தி. அதனால ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. கீழ்ப் பக்கம் மட்டும் ஒரே மாதிரி."

"நீளச் சங்கிலியோட நுனியும் அப்படித்தான்னு டாக்டர் சொன்னார்ல? மரபணுத் துண்டு மூணு கூட்டமா இருக்கும். ஒவ்வொண்ணுலேர்ந்தும் ஒண்ண எடுத்து ஒட்டிக்கும். அதனாலதான் எந்தக் கிருமி வந்தாலும் அதுக்குப் பொருந்தற மாதிரி ஒரு கவ்வி இருக்கும். சரி, முந்தாநாள் கடைக்காரர் வந்து என்ன பண்ணார்?"

"கூடையக் கவுத்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போனார்."

"இப்ப பாரு."

பட்டாணி கூடைக்குள் கைவிட்டான். பாதிக் கூடை நிறைந்திருந்தது.

"அம்மா திரும்பச் செஞ்சாங்க," என்றான்.

"அதேதான். கூடை காலியாச்சே தவிர, அம்மாவுக்குச் செய்யறது மறந்து போகல. ரத்தம் குடுத்தவங்களுக்கும் அந்தக் குறிப்பு உள்ளேயே இருக்கும். திரும்பச் செஞ்சுக்குவாங்க."

"மணி தீர்ந்துட்டா?"

"சாப்பிடுவாங்கல்ல? உடம்பு அதுலேர்ந்து மணி செஞ்சுக்கும்."

பட்டாணி யோசித்தான். "அப்ப வேன் மாமா ஏன் தும்மினார்?"

சோடாக்காவுக்குத் தெரியவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடலாம். ஆனால் இவனிடம் அது செல்லாது.

"தெரியலடா. அவரையே கேப்போம்."

அந்த நேரம் பார்த்து வாசலில் ஹாரன் அடித்தது. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு உள்ளே வந்த வேன் மாமா, தொப்பை தரையில் இடிக்கக் குனிந்து கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

"எங்க வீட்டுச் சின்னது என் மூஞ்சிக்கு நேரா தும்மிச்சுப்பா. அது என்கிட்ட ஒட்டிக்கிச்சு. உனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அந்தச் சளி இப்ப எங்க மாமா?" என்று கேட்டாள் சோடாக்கா.

"அது ரெண்டு மூணு நாள்ல போயே போச்சு."

சோடாக்கா தம்பி பக்கம் திரும்பினாள். "யார்டா அதைத் துரத்தினது?"

"அவரோட கவ்வி," என்றான் பட்டாணி மெதுவாக.

"எல்லாமே பாட்டிலுக்கு வந்திருந்தா?"

"துரத்தியிருக்க முடியாது. அப்ப அவர்கிட்ட இருக்கு."

முதலில் ஒரு பழைய சாக்ஸ் வெளியே வந்தது. பின்னாலேயே தலையெல்லாம் தூசியாகப் பட்டாணி வந்தான். அம்மா முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். கொஞ்சம் அதிக நேரமே துடைத்தாள்.

"இரும்மா, டப்பாவை எடுத்துக்கறேன்," என்றான் அவன்.

வேன் குலுங்கிக் குலுங்கிப் போக, அவன் மணி கோத்தான். நான்கு மணிகள் சீட்டுக்கு அடியில் உருண்டோடின. நீளச் சரம் இரண்டு, குட்டைச் சரம் இரண்டு. முடிச்சு கொஞ்சம் கோணலாக விழுந்தது.

ஆஸ்பத்திரியில் மருந்து சொட்டத் தொடங்கியதும் அவன் அம்மாவின் கூடைக் கதையைச் சொல்லி, அந்த மணிக் கவ்வியை நர்ஸக்காவிடம் நீட்டினான்.

"எனக்கா? கடைக்குப் போற பொருளாச்சே. உங்க வீட்டுக் கூடையில ஒண்ணு குறைஞ்சிடாதா?" என்றார் அவர்.

பட்டாணி தலையணையில் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

"குறையாது நர்ஸக்கா. எனக்குச் செய்யத் தெரியும்."