இணை எலியின் இடது காது

எனக்குக் காது குத்த வந்த ஏழு ஆசாரிகள் தோற்றுப் போனார்கள். ஊசியை உருவுவதற்குள் துளை மூடிக்கொள்ளும். ஏழாமவருடைய ஊசி இன்றைக்கும் என் காதுக்குள்தான் இருக்கிறது.

"எலிகூட நம்பாதுண்ணே இந்தப் புளுவ" என்பான் தம்பி இசக்கிமுத்து. அறுபது வருடமாக இதே பதில்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர்கள் நாங்கள். செவ்வாய்தோறும் தூத்துக்குடி எலியகத்துக்குப் போவோம். எங்கள் மரபணுக்களைப் புகுத்தி வளர்த்த இணை எலிகள் அங்கே ஒரே கூண்டில் இருந்தன. அடையாளத்துக்கு என் எலியின் இடது காதில் ஒரு துளை. தம்பியின் எலிக்குக் குறியில்லை. புதுக் காய்ச்சல் பரவினால் வைரஸை முதலில் எலிக்குக் கொடுப்பார்கள். அது தேறினால் அதன் ஆள் வீட்டிலேயே தேறுவார். செத்தால் ஆள் தனிக்கூடம் போக வேண்டும். போனவர்களில் பாதிப்பேர்தான் திரும்பினார்கள்.

அந்தச் செவ்வாய் எங்கள் இருவருக்குமே காய்ச்சல். கூண்டில் ஒரு எலி செத்துக் கிடந்தது. இன்னொன்று கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தது. இரண்டின் காதிலும் துளை இல்லை!

பொறுப்பாளர் ஜெபக்கனி குழம்பிப்போனார். "போன மாசம் நானேதான் குத்துனேன் சார். எங்க போச்சு?"

"மூடியிருக்கும்" என்றேன், மீசையைத் தடவியபடி.

"எந்த எலிக்கும் மூடுனதில்லையே! மரபணு வாசிக்கிற கருவி கிடைக்க நாலு நாளாகும். தனிக்கூட வண்டி அஞ்சு மணிக்கு வந்துரும். யாரை ஏத்த?"

"உசுரோட இருக்கதுக்குத் திரும்பக் குத்துங்கம்மா. மூடுனா அது என் எலி."

குத்தினார். பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மூடினால், செத்துக் கிடப்பது யாருடையது? ஒரே வயிற்றில் பிறந்தோம், ஒரே தட்டில் தின்றோம். அவன் உடம்பில் மட்டும் துளை மூடாமல் இருக்குமா?

"ஏல, நான் சொன்னதெல்லாம் பொய்" என்றேன். "ஆசாரி, ஊசி, எல்லாமே."

"உண்மை பேச நல்ல நாளு பாத்த போ!"

நாலேமுக்காலுக்கு அவன் எழுந்துபோய்க் கூண்டருகே குனிந்தான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தான்.

"தள்ளுல, நான் பாக்கேன்."

"வேண்டாம்ணே, உக்காரு." பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "மூடிட்டு. நீ சொன்னது நெசந்தான்."