வெப்பமானிக்கு ஒரு குடை

தகரக் கூரைக்குக் கீழே தம்பி வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். உடம்பெல்லாம் வேர்க்குரு. விசிறி விசிறி அக்காவுக்குக் கை ஓய்ந்துபோயிற்று. வாசலில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கோ தலைக்கு மேலேயும் நெருப்பு, கையிலேயும் நெருப்பு.

அக்காவைத் தெருவில் எல்லோரும் குண்டூசி என்பார்கள். ஆள் பொடிசு, பேச்சு சுருக்கென்று குத்தும்.

எதிரே நகராட்சியின் குளிர்ச்சிக் கூடம் இருந்தது. உள்ளே பெரிய மின்விசிறிகள், பாய்கள், தண்ணீர்ப் பானை எல்லாம் உண்டு. கதவில் பூட்டும் உண்டு. ‘வெப்பம் நாற்பது டிகிரியைத் தொட்டால் பொதுமக்களுக்குத் திறக்கப்படும்’ என்றது பலகை.

கோடை பிறந்ததிலிருந்து அது திறக்கவே இல்லை. தெருத் தாரில் செருப்பு ஒட்டிக்கொள்கிறது. தெருநாய் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிழலோடு நிழலாக நகர்கிறது. இன்னும் நாற்பது ஆகவில்லையாம்!

குண்டூசி தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கூடத்தை ஒட்டியிருந்த நகராட்சி அலுவலகத்துக்குள் நுழைந்தாள். உள்ளே ஏசி உறுமியது. அதிகாரி ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

கூடத்தை எப்போது திறப்பீர்கள் என்று கேட்டாள். நாற்பது வந்ததும் திறப்போம், விதி என்றால் விதி என்றார் அவர். இன்று எவ்வளவு என்றதற்குச் சுவரைக் காட்டினார். ஏசிக்கு நேர் கீழே வெப்பமானி தொங்கியது. இருபத்திரண்டு.

குண்டூசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏன் சார், இதை வெளியில மாட்டக் கூடாதா?”

“அரசாங்கப் பொருள்மா. வெயில்ல வெச்சா கெட்டுப்போயிடும்.”

“அப்ப என் தம்பி கெட்டுப்போக மாட்டானா?”

அதிகாரி அப்போதுதான் குழந்தையைப் பார்த்தார். சிவந்து தடித்திருந்த கழுத்தைப் பார்த்தார். வெப்பமானியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, வாசல் வெயிலைப் பார்த்தார்.

“வெயில் படாம நான் பாத்துக்கறேன் சார்” என்று தம்பியை அவர் மடியில் வைத்துவிட்டு ஓடியவள், அம்மாவின் பெரிய குடையோடு திரும்பினாள்.

வாசலில் குடைக்குக் கீழே மூவரும் நின்றார்கள். அதிகாரியின் ஒரு கையில் தம்பி, மறு கையில் வெப்பமானி. முப்பது. முப்பத்தைந்து. தம்பி மறுபடி அழ ஆரம்பித்தான். அதிகாரியும் கிட்டத்தட்ட அந்த நிலையில்தான் இருந்தார். அவர் வழுக்கையில் வெயில் விழுவதைப் பார்த்து, குண்டூசி தான் சற்று ஒதுங்கி, குடையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

முப்பத்தொன்பதில் வெப்பமானி சண்டித்தனம் செய்தது.

“பரவாயில்லம்மா, திறந்துடலாமே” என்றார் அதிகாரி ஈனக்குரலில்.

“விதின்னா விதி சார். தொடட்டும்.”

தொட்டது. சாவியை எடுக்க அவர் ஓடிய ஓட்டத்தில் செருப்பு ஒன்று தாரிலேயே நின்றுவிட்டது.

கொஞ்ச நேரத்தில் தெருவே கூடத்துக்குள் இருந்தது. அம்மா கால் நீட்டி உட்கார்ந்தாள். தம்பி பாயில் மல்லாந்து தூங்கினான். வெளியே வாசல் தூணில், நிழல் பார்த்து, அதிகாரியே ஆணி அடித்து வெப்பமானியை மாட்டினார்.

அவர் திரும்பி வந்தபோது தெருநாய் மின்விசிறிக்கு எதிரே படுத்திருந்தது.

“விதியில பொதுமக்கள்னுதானே இருக்கு” என்று இழுத்தார்.

குண்டூசி அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

அதிகாரி மின்விசிறியைக் கொஞ்சம் நாய்ப் பக்கம் திருப்பி வைத்தார்.