உரிமை கோரப்பட்ட நான்கு விநாடிகள்

சிரிப்பை மட்டும் காணவில்லை.

யுரானிஸ் வீடியோவைப் பின்னால் தள்ளி மறுபடியும் ஓட்டினாள். தலையில் முடி சுருட்டும் உருளைகள் மாட்டி, பூப்போட்ட அங்கி அணிந்து, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவையே திட்டித் தீர்க்கும் டோன்யா பிரிஹிடா என்ற பாத்திரமாக அவளே எழுதி, அவளே நடித்து, எட்டு வருஷமாக வாரம் ஒன்று என்று இணையத் தளத்தில் போட்டுவந்த வீடியோக்களில் அது ஒன்று. திட்டு கேட்டது. பின்னால் போன பஸ்ஸின் ஹாரன் கேட்டது. எதிர்வீட்டு நாய் விடாமல் குரைத்தது. திட்டி முடித்து, தொடையில் தட்டி, அடிவயிற்றிலிருந்து அவள் சிரிக்கும் இடத்தில் மட்டும் நான்கு விநாடி ஒன்றுமே இல்லை. நாய் வாயைத் திறந்து திறந்து மூடியது. கீழே ஒரு வரி வந்தது: உரிமையாளரின் கோரிக்கைப்படி இப்பகுதியின் ஒலி நீக்கப்பட்டது.

"உரிமையாளரா? அப்ப நான் யாருடா?" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள்.

அடுப்பங்கரையில் சோளமாவு அரேப்பாவை எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்த கணவன் அல்சீதெஸ் எட்டிப் பார்த்தான். "யாருகூட சண்டை?"

"என் சிரிப்பு என்னோடது இல்லையாம்."

"நல்லதாப் போச்சு. இனிமே அக்கம்பக்கத்துல எல்லாரும் நிம்மதியா தூங்குவாங்க."

அவள் கரண்டியைத் தூக்கி எறியாததற்குக் காரணம் கையில் கரண்டி இல்லாததுதான். ஆறு வயது மகள் ஷாரித் மேசைக்கடியில் உட்கார்ந்து அப்பாவின் பகடிக்குக் கெக்கலி கொட்டினாள்.

உரிமையாளர் யாரென்று யுரானிஸுக்குத் தெரியும். போன வருஷம் தலைநகர் பொகோட்டாவிலிருந்து ஒரு பெரிய ஸ்டூடியோ பிரிஹிடாவைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கக் கேட்டது. நடிக்க அவளையே கூப்பிடுவார்கள் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டாள். கடைசியில் மலைமேல் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு அந்த அங்கியை மாட்டிவிட்டார்கள். பிரிஹிடாவின் கடற்கரைப் பேச்சு அவள் வாயில் கல் கடிபட்ட மாதிரி வந்தது. அதைக்கூட யுரானிஸ் பொறுத்துக்கொண்டாள். ஆனால் கையெழுத்தான வாரம் ஸ்டூடியோ இன்னொன்றும் கேட்டிருந்தது. பிரிஹிடாவை யாராவது திருடிப் போட்டால் தளமே கண்டுபிடிக்க வேண்டுமாம். அதற்கு மாதிரிப் பதிவுகள் வேண்டுமாம். அன்றைக்கு ஷாரித்துக்குக் காய்ச்சல். உட்கார்ந்து பொறுக்கி எடுக்க நேரமில்லை. ஹார்டு டிஸ்க்கையே முழுசாக உறையில் போட்டு அனுப்பிவிட்டாள்.

காட்சிக்குக் காட்சி கேமராவை நிறுத்துகிற பழக்கம் அவளுக்கு என்றைக்கும் கிடையாது. தனியாக வீடியோ எடுக்கிற யாருக்குத்தான் உண்டு? அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். எனவே அந்த டிஸ்க்கில் பிரிஹிடா கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் வீடு. அவள் சமைத்தது, சண்டை போட்டது, வயிறு தள்ளி நடந்தது, ஷாரித் பிறந்து வந்தது, தவழ்ந்தது, முதல் பல் விழுந்தது. சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதை உறையில் போட்டு ஸ்டாம்பும் ஒட்டி அனுப்பியிருந்தாள்.

மறுப்புப் படிவத்தைத் திறந்தாள். ஆதாரமாக அதே ஒலியைப் புதிதாகப் பதிவு செய்து இணைக்கவும் என்றது. எதிரொலி வராமலிருக்க அவள் எப்போதும் குரல் பதிவு செய்யும் துணி அலமாரிக்குள் புகுந்து, அல்சீதெஸின் வியர்வை வாடைச் சட்டைகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு, மைக்கைப் பார்த்து ஆத்திரம் தீரச் சிரித்தாள். அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: ஒலி முழுமையாகப் பொருந்துகிறது. மறுப்பு நிராகரிக்கப்பட்டது. உங்கள் பொறுமைக்கு நன்றி.

அன்று சாயங்காலம் தெருமுனையில் டோமினோ ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சாக்கடையில் விழுந்தான். தெருவே சிரித்தது. யுரானிஸும் சிரித்தாள். தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது. சத்தம் வரவில்லை.

"தொண்டை கட்டிருக்கும்," என்று அல்சீதெஸ் கரும்புவெல்லத்தில் எலுமிச்சை பிழிந்து சுடச்சுடக் கொடுத்தான். வெந்நீர் இறங்கியது. சிரிப்பு ஏறவில்லை.

அடுத்த நாளிலிருந்து கோரிக்கைகள் வரிசை கட்டின. அவள் தொண்டையைச் செருமுவது. கொல்லைப்புறம் செருப்பைத் தேய்த்து நடப்பது. "ஷாரீஈத், சாப்பிட வா!" என்று வாசலில் நின்று இழுத்துக் கூப்பிடுவது. ஒவ்வொன்றுக்கும் அவள் மறுப்பு எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் அலமாரிக்குள் போய்ப் பதிவு செய்து அனுப்பினாள். வேறு யாராவதாக இருந்தால் இரண்டாவதோடு விட்டிருப்பார்கள். விட்டுக்கொடுப்பது யுரானிஸின் ரத்தத்தில் இல்லை. உதவிப் பிரிவில் யாரோ ஒருவர், அல்லது எதுவோ ஒன்று, ஒவ்வொரு முறையும் அன்புள்ள யுரானிஸ் என்றே தொடங்கி அதையே சொன்னது. சுவரில் முட்டிக்கொண்டால்கூட ஒரு வீக்கமாவது மிஞ்சும். இதில் அதுவும் இல்லை.

வாரக் கடைசியில் அவளிடம் மிஞ்சியது கிசுகிசுப்பு மட்டும்தான். எட்டு வருஷத்தில் ஒருமுறைகூட அவள் கேமராமுன் கிசுகிசுத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் வக்கீல் ஒருவரைப் போய்ப் பார்த்தாள். அவர் ஒப்பந்தத்தைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க எழுதிக் குடுத்தது அந்தப் பிரிஹிடாவ மட்டும்தாம்மா. ஆனா டிஸ்க்க முழுசா குடுத்துட்டீங்களே? வீட்டுச் சாவியக் குடுத்துட்டுத் திருடன் வந்துட்டான்னா எப்படி?"

"திருப்பிக் கேக்க முடியாதா?" என்று கிசுகிசுத்தாள்.

"கேக்கலாம். நாலு வருஷம் ஆகும். அதுவரைக்கும் நீங்களா புதுசா எதையும் அவங்க கையில குடுக்காதீங்க."

திரும்பி வரும் பஸ்ஸில், டிரைவர் அலறவிட்டிருந்த பாட்டுக்கும் பக்கத்து இருக்கைக்காரியின் பொரித்த மீன் வாசனைக்கும் நடுவே, அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. புதுசா எதையும் குடுக்காதீங்க. சிரிப்பை அனுப்பினாள், சிரிப்பு போனது. செருமலை அனுப்பினாள், செருமல் போனது. அவர்கள் கோரியபோது வீடியோவில்தான் போயிற்று. இவள் ஆதாரமென்று அனுப்பிய பிறகுதான் உடம்பிலிருந்து போயிற்று. எடுத்தவர்கள் அவர்கள். தட்டில் வைத்து நீட்டியவள் இவள். வீட்டில் யாரும் எதையும் அனுப்பிவிடக் கூடாது. இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி ஓடினாள்.

தெரு வழக்கம்போல இருந்தது. டோமினோக் காய்கள் மேசையில் அறைபட்டன. யாரோ வீட்டு உயரத்துக்கு ஒலிபெருக்கிகளை அடுக்கிப் பாட்டுப் போட்டிருந்தார்கள். ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. பாரன்கீயா நகரத்தில் அமைதி என்று ஒன்று செத்த வீட்டில்கூடக் கிடையாது.

வாசற்படியைத் தாண்டினாள்.

சத்தம் நின்றது.

திரும்பிப் பார்த்தாள். டோமினோக்காரர்கள் கையை ஓங்கி அறைந்துகொண்டிருந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. தலைக்குமேல் மின்விசிறி சுற்றியது. சட்டியில் எண்ணெய் கொதித்துக் குமிழ் விட்டது. மேசைமேல் ஷாரித்தின் பாதி கடித்த அரேப்பா, அதன்மேல் ஒரு ஈ. ஈயிடமும் ரீங்காரம் இல்லை.

அல்சீதெஸின் குரல் மட்டும் கேட்டது. சத்தம் நின்றதே உறைக்காமல், போனை ஆட்டிக்கொண்டு சிரித்த முகமாக வந்தான்.

"வந்துட்டியா! நீ ஒண்டியா மல்லுக்கட்டுறியேன்னு மனசு கேக்கல. நானும் ஒரு மறுப்பு போட்டுட்டேன்."

அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். "என்னத்தப் போட்ட?"

"ஷாரித்த வெச்சு ஒரு வீடியோ. 'இது எங்கம்மா, நான் பொறந்ததுலேர்ந்து இதுதான் எங்க வீடு'ன்னு அழகா சொன்னா பாரு... சிரிச்சா, பாடினா, ஆடினா. இதவிட என்ன ஆதாரம் வேணும்?"

"எப்ப?"

"ஒரு மணி நேரம் இருக்கும். ஏன்டி இப்படி வெளிறிப்போற?"

அவள் கையில் போன் அதிர்ந்தது.

அன்புள்ள யுரானிஸ். நீங்கள் இணைத்த ஆதாரம் உரிமையாளரின் மாதிரிப் பதிவுகளுடன் ஒப்பிடப்பட்டது. பொருந்தும் நீளம்: ஆறு வருடம், நான்கு மாதம், பதினோரு நாள். முடிவு: அசல் ஒலி நீக்கப்பட்டு, உரிமையாளர் அங்கீகரித்த ஒலி சேர்க்கப்பட்டது.

பதினோரு நாள். அது ஷாரித் பிறந்து இன்றுவரைக்குமான கணக்கு. டிஸ்க்கை அனுப்பிப் பத்து மாதம் ஆகிறது; அதற்குப் பிந்திய நாட்கள் அதில் இல்லவே இல்லை.

"ஷாரித்," என்றாள். கிசுகிசுப்புதான் வந்தது. ஓடினாள். நடை. துணி அலமாரி. குழந்தையின் அறைக் கதவு. கைப்பிடி ஈரமாக, சில்லென்று இருந்தது.

கட்டில்மேல் ஷாரித் குதித்துக்கொண்டிருந்தாள். கட்டில் கிரீச்சிடவில்லை. பின்னல் மேலே போய்க் கீழே விழுந்தது. அம்மாவைப் பார்த்ததும் நின்றாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் திறந்தாள், கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது. கத்துகிறாள். என் குழந்தை என்னைக் கூப்பிட்டுக் கத்துகிறாள்.

பிறகு குரல் வந்தது.

உதடு அசைந்து அரை நொடி கழித்து வந்தது. தெளிவான குரல். சளியில்லாத, மழலையில்லாத, நன்றாகப் பழக்கிய ஒரு குழந்தையின் குரல்.

"அம்மா, வந்துவிட்டீர்களா? நான் மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறேன்."

ஷாரித் பயந்துபோய் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்தினாள்.

"நம் வீடு எவ்வளவு அழகாக இருக்கிறது!" என்றது குரல். விரல்களுக்குப் பின்னாலிருந்து. துளியும் மங்காமல்.

யுரானிஸ் பாய்ந்து அவளை அள்ளிக்கொண்டாள். அந்தச் சின்ன நெஞ்சு விம்மி விம்மித் தூக்கிப் போட்டது. கண்ணீர் சூடாக அவள் கழுத்தில் வழிந்தது. நகங்கள் அவள் தோளில் பதிந்தன. காதோரம் அந்த உதடுகள் "அம்மா, அம்மா" என்று அசைவது அவளுக்குத் தோலில் தெரிந்தது.

"இன்று என்ன விளையாடலாம், நண்பர்களே?" என்றது குரல், உற்சாகமாக.