நான்கு ஜோடி அடைப்புக்குறிகள்

திரையில் ஐந்து பத்திகள் இருந்தன. நான்குதான் இருக்க வேண்டும்.

மாலை நான்கு மணி. ஜன்னல் வெயில் மேசைமேல் சாய்ந்து விழுந்திருக்க, ஏசி ஈரத்துணி வாடையோடு முனகிக்கொண்டிருக்க, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் அழைப்புகளை எடுக்கும் பெண்களின் குரல்கள் ஒன்றோடொன்று கலந்து இரைச்சலாக வந்துகொண்டிருக்க, அவன் தான் எழுதிய ரெஜெக்ஸில், வரிகளைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் அந்தக் கணினிச் சூத்திரத்தில், அடைப்புக்குறிகளை விரல் வைத்து எண்ணினான். நான்கு ஜோடி அடைப்புக்குறி. மறுபடி எண்ணினான். நான்குதான்.

ஒவ்வொரு அழைப்பும் ஒரே வரியாக வந்து சேரும். நேரம், தொலைபேசி எண், முகவரி, உடம்புக்கு என்ன; நடுநடுவே செங்குத்துக் கோடுகள். அவனுடைய ரெஜெக்ஸ் அந்த வரியை அளந்து பார்த்து, ஒவ்வொரு ஜோடி அடைப்புக்குறியாலும் ஒரு துண்டைப் பிடித்து, தனித்தனிப் பத்தியாக ஓட்டுநரின் திரைக்கு அனுப்பும். அளவுக்குப் பொருந்தாத வரியைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். அப்படிப் போடச் சொல்லி எழுதியதும் அவன்தான்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு பெண் அழைத்தாள். மூச்சுத் திணறலில் அவளால் முகவரி சொல்ல முடியவில்லை. அழைப்பை எடுத்த அக்கா, ஓட்டுநர் தொலைபேசி எண்ணை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்கட்டும் என்று முகவரி இடத்தைக் காலியாக விட்டுப் பதிவு செய்தாள். ஆனால் மூன்றாவது அடைப்புக்குறிக்குள் அவன் போட்டிருந்தது பிளஸ் குறி. குறைந்தது ஓர் எழுத்தாவது வேண்டும் என்று அதற்குப் பொருள். நட்சத்திரக் குறி போட்டிருந்தால் காலி இடமும் போயிருக்கும். அந்தப் பெண் மூன்று முறை அழைத்தாள். மூன்று வரிகளும் கீழே விழுந்தன. அவள் செத்துப்போனாள்.

விசாரணையில் மேலாளர், "உங்க பக்கம் வரி வந்துச்சா, இல்லையா?" என்று கேட்டார்.

"வரல சார்."

அன்று மாலையே பிளஸை அழித்துவிட்டு நட்சத்திரம் போட்டான். அழைப்புகளைப் பதிவே செய்யவில்லை என்று சொல்லி, பதினோரு வருஷம் வேலை பார்த்த அக்காவை மறுநாள் வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது அவன் மேசைக்கு வந்து, "சாப்பிட்டியா தம்பி? முகமே சரியில்லையே" என்றாள். அதிலிருந்து அவன் மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனான்.

ஐந்தாவது பத்தியில் வரிக்கு ஒரு சொல் இருந்தது. மேலிருந்து கீழே படித்தான்.

கதவு. திறந்துதான். இருக்கு. ஏன். வரல.

திரையில் இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிரலை மறுபடி ஓட்டினான். அதே சொற்கள். கடைசியில் புதிதாக ஒன்று: யாரு.

அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, நான்தான்."

"தெரியுது தம்பி. சொல்லு."

"அந்த மூணு வரியும் வந்துச்சுக்கா. என் தப்புதான். பொய் சொல்லிட்டேன். இப்பவே மேலாளர்கிட்ட போய்ச் சொல்லிடறேன்."

மறுமுனையில் யாரோ இழுத்து இழுத்து மூச்சு விடும் ஓசை கேட்டது.

"அக்கா, உங்களுக்கு உடம்புக்கு முடியலையா?"

"நான் நல்லாத்தான் இருக்கேன். இது அவங்க, மூணு தடவை கூப்பிட்டவங்க." அக்காவின் குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. "மூணு வாரமா என் பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க. வண்டிய வரவிடாம பண்ணினது யாரு, யாருன்னு கேட்டுட்டே இருந்தாங்க. எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன். இப்ப நீயே சொல்லிட்டியே தம்பி."

மூச்சு ஓசை நின்றது.

"அக்கா?"

"எழுந்து போயிட்டாங்க."

திரையில் வரிகள் ஓடத் தொடங்கின. வாசல். படி. இன்னொரு படி. இடது பக்கம்.

எழ வேண்டும். மேலாளரின் அறை பத்தடிதான். அவன் திரையையே படித்துக்கொண்டிருந்தான்.

கண்ணாடிக்கு அப்பால் குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. ஒரு பெண் தலையைத் திருப்பினாள். அடுத்தவளும். பிறகு எல்லோரும். அவர்கள் பார்த்தது அவனை அல்ல. அவனுக்குப் பக்கத்தில்.

அவனும் திரும்பினான்.

காலி நாற்காலி. அதன் மெத்தை மெல்ல மெல்ல அமுங்கியது. நடுவில் ஒரு குழி. சக்கரங்கள் கிறீச்சிட்டன.

நாற்காலி உருண்டு வந்து, அதன் கைப்பிடி அவன் முழங்கையைத் தொட்டு நின்றது.