பானைக்குள் அத்தா குரல்

ஹலீமா கட்டிய ஆம்ப்ளிஃபயர் பார்க்க ஒன்றும் அழகில்லை. பிஸ்கட் டப்பாவுக்குள் ஒயர்கள். ஸ்பீக்கர், ஒரு மண்பானையின் வாயில் கவிழ்ந்து கிடந்தது. ஆனால் பாட்டுப் போட்டால் ‘தும் தும்’ என்று ஜன்னல் கம்பி அதிரும். முத்துப்பேட்டையில் அந்தத் தெருவுக்கே அது பெருமை.

“என் பானை பாட்டுப் பாடுது. நான் சோறு எதுல ஆக்குறதாம்?” என்று அம்மா கமருன்னிஸா கேட்டார்.

இப்போது ஹலீமாவுக்கு இது பாட்டுக்கு மட்டும் இல்லை, வேறொன்றுக்கும் வேண்டியிருந்தது. தம்பி நெய்னா பிறப்பதற்கு முன்பே அத்தா துபாய்க்குப் போய்விட்டார். கேசட்டில் பேசி அனுப்புவார். அந்தக் குரலைக் கேட்டால்தான் நெய்னாவுக்குச் சோறு இறங்கும். போன வாரம் டேப்ரிக்கார்டரின் ஸ்பீக்கர் கெட்டுப்போனது. அதிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவே இல்லை.

ஹலீமா டேப்ரிக்கார்டரிலிருந்து ஒயர் இழுத்துத் தன் டப்பாவில் மாட்டினாள். கேசட் சுற்றியது. பானை முழங்கியது.

“நெய்னா... கண்ணு...”

நெய்னா அம்மாவின் முந்தானைக்குள் ஓடி ஒளிந்தான்.

“இது அத்தா இல்ல! ஓட்டு கேக்குற மாமா!”

தோழி செவ்வந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். ஹலீமாவுக்கு அழுகைதான் வந்தது. தம்பி சொன்னதும் சரிதான். கடைத்தெருவில் கட்சிக் கூட்டம் நடக்கும்போது மைக்கில் இப்படித்தான் கேட்கும்.

“பானைய எடுத்துடுடி,” என்றாள் செவ்வந்தி.

எடுத்தார்கள். குரல் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கவில்லை. பானை திரும்பவும் வந்து உட்கார்ந்தது.

ஹலீமா டப்பாவைத் திறந்தாள். ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் ஒரு குண்டு கெபாசிட்டர் இருந்தது. ரேடியோ கடையில், “இருக்குறதுலயே பெரிசா குடுங்க” என்று அவளே கேட்டு வாங்கியது! வாய்க்கால் மதகைப் போலத்தான் அதுவும். பெரிதாக இருந்தால் கனத்த சத்தமெல்லாம் தாராளமாகப் பாயும். சின்னதாக இருந்தால் கொஞ்சம் மட்டுப்படும்.

“சின்னத மாட்டிப் பாக்குறேன்.”

“ஐயோ, பாட்டுல அந்தத் ‘தும் தும்’ போயிடுமே! நாளைக்குப் பாட்டுக் கேக்கத் தெருவுல எல்லாரையும் கூப்பிட்டிருக்கோம்,” என்றாள் செவ்வந்தி.

ஹலீமாவுக்கும் மனசு இல்லைதான். ஆனால் முந்தானைக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அவளையே பார்த்தன.

“பாட்டு எங்க வேணாலும் கேக்கலாம் செவ்வந்தி. அத்தா இதுல மட்டுந்தானே பேசுவாங்க.”

செவ்வந்தி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். ஆனாலும் ஒயரைப் பிடித்துக்கொடுத்தாள். ஹலீமா கூட்டல் முனையும் கழித்தல் முனையும் மாறாமல் பார்த்து, சின்னக் கெபாசிட்டரைப் பற்றவைத்தாள். கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டாள்.

“நெய்னா... கண்ணு... சோறு சாப்பிட்டியா?”

அடிக்கவும் இல்லை, அதிரவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது போல இருந்தது.

முந்தானை விலகியது. நெய்னா மெல்ல வந்து பானையைக் கட்டிக்கொண்டான்.

“இன்னும் இல்லத்தா. அக்கா இப்பதான் உங்கள ரிப்பேர் பண்ணுச்சு.”

செவ்வந்திகூடச் சிரித்துவிட்டாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டோடு வந்து உட்கார்ந்தார். கேசட் முடிவதற்குள் தட்டு காலியாகிவிட்டது.