எதிர்ச்சுவர்

படத்தில் அப்பாவின் தலையில் தலைப்பாகை இருந்தது. எதிர்ச்சுவரில் புதிதாகப் பொருத்திய தொலைக்காட்சிப் பெட்டியின் கண்ணாடியில் அதே படம் தெரிந்தபோது தலைப்பாகை இல்லை.

ராஜரத்தினம் துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். பெட்டி அணைந்திருந்தது, ஒளிபரப்பு மாலையில்தான். சற்றே புடைத்த அந்தச் சாம்பல் நிறக் கண்ணாடி கூடம் முழுவதையும், சன்னலையும் நாற்காலிகளையும் மாலை போட்ட படத்தையும், சுருக்கித் தனக்குள் வைத்திருந்தது.

மெர்டேக்கா என்று நாட்டுக்கு விடுதலை கிடைத்துச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. காஜா பெராங்கில் அவர்கள் வீட்டு வரிசைக்கு வந்த முதல் பெட்டி இது. எங்கே வைப்பது என்று காலையெல்லாம் பேச்சு. கடைக்காரர் யூனுஸ் முதலில் நடுச்சுவரைக் காட்டினார், அப்பா படத்துக்கு நேர்கீழே.

"அங்க வேணாங்க," என்றாள் அவர் மனைவி அலமேலு. "அதுல பொம்பளைங்க ஆடுவாங்களாம். மாமா படத்துக்குக் கீழயா?"

"பெரியவரும் பார்த்துட்டுப் போகட்டுமே அக்கா. அவருகிட்ட என்ன டிக்கெட்டா கேக்கப் போறோம்?"

ராஜரத்தினம் சிரிக்கவில்லை. "எதிர்ச்சுவர். பலகை அடிச்சு, நெஞ்சு உயரத்துல வை. வர்றவங்க பெட்டியைப் பார்க்கணும். பெட்டி எங்கப்பாவைப் பார்க்கணும்."

"சன்னல் வெளிச்சம் கண்ணாடியில அடிக்கும் அண்ணே."

"அடிக்கட்டும்."

இப்போது அவர் மறுபடி குனிந்து பார்த்தார். கண்ணாடிக்குள் இருந்த சட்டத்தில் கோட்டும் இல்லை. ஒட்ட வெட்டிய தலை, வெற்றுத் தோள்கள், தோளில் கிடக்க வேண்டிய துண்டு இடுப்பில். திரும்பிப் பார்த்தார். சுவரில் தலைப்பாகையும் கோட்டும் கைத்தடியும் இருந்த இடத்திலேயே இருந்தன.

சுவரில் இருப்பவர் யார் என்று ராஜரத்தினத்துக்கே தெரியாது. பினாங்கில் மூடப்போன ஒரு படக்கடையில் சட்டத்தோடு வாங்கியது. அலமேலு இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமா என்று கும்பிடுவது அந்த முகத்தைத்தான். ராஜரத்தினத்தின் உண்மையான அப்பா சுப்பையன் படம் எடுத்துக்கொண்டதே இல்லை. வட்டிக்கடைக்காரர்கள் தங்கும் விடுதியில் பந்தி பரிமாறி, எச்சில் இலை எடுத்தவர். சாகும்வரை அதுதான் வேலை.

படத்தைக் கழற்றிவிடலாம். முடியாது. மாலையில் பண்டார் ஹிலிரிலிருந்து நடராஜன் மனைவியோடு வருகிறார், ராஜரத்தினத்தின் மகள் சீதாவைத் தன் மகனுக்குக் கேட்டு. பெரிய குடும்பம் என்று கேள்விப்பட்டோம், முதலில் பெரியவர் படத்தைக் கும்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

பெட்டியை இடம் மாற்ற யூனுஸ் திரும்ப வந்து ஆணிகளைப் பிடுங்கினார். "மறுபடியுமா? சுவருக்கு வாய் இருந்தா அழும் அண்ணே."

பெட்டி பக்கச்சுவருக்குப் போனது. அங்கிருந்து படம் தெரிய வழியே இல்லை. தெரிந்தது. சுப்பையனின் முகம் இப்போது அவர் பக்கமாகத் திரும்பியிருந்தது.

"யூனுஸ், இந்தக் கண்ணாடியில என்ன தெரியுது?"

"உங்க மூஞ்சிதான். ஏன், நல்லாத்தானே இருக்கு?"

ராஜரத்தினம் பெட்டியின் மேல் பூவேலை செய்த துணியைப் போர்த்தினார். வேட்டியை மாற்றினார். முதுகை நிமிர்த்திக்கொண்டு வாசலில் நின்றார்.

நடராஜன் செருப்பைக் கழற்றியதும் நேராகப் படத்தின் முன் போய்க் கைகூப்பினார். "முகத்துலயே தெரியுதே, நாலு பேரை வச்சு ஆண்டவர்னு. உங்களுக்கும் அதே ஜாடை."

ராஜரத்தினத்தின் காது மடல்கள் எரிந்தன. "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க," என்றார்.

நடராஜனின் மனைவி சீதாவை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேசரித் தட்டைக் கையில் கொடுத்தாள். "வெக்கப்படாம சாப்பிடும்மா. டெலிவிஷனைப் போடச் சொல்லு, அதைப் பார்க்கத்தானே இவரு ஓடி வந்தாரு."

ராஜரத்தினம் துணியை விலக்கிய அதே வேகத்தில் குமிழைத் திருப்பினார். கண்ணாடி வெளுத்து, நடுங்கி, ஒரு பெண் மலாய்ப் பாட்டுப் பாடினாள். ஒளி இருந்தால் கூடம் தெரியாது. அவர் மூச்சு விட்டார். அலமேலு கோப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். வெளியே மழைக்கு முந்திய காற்று தகரக்கூரை ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தது, வாசல் பூச்சட்டிகளிலிருந்து ஈர மண் வாசம் வந்தது, எல்லாம் சரியாகிவிட்டது போல ஒரு நிமிடம் இருந்தது.

பாடகி சுருங்கினாள். ஒரு வெள்ளைப் புள்ளி. அதுவும் போனது.

கூடத்து விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. குமிழைத் திருப்பினார். திருகினார். வரவில்லை.

கண்ணாடிக்குள் கூடம் திரும்பி வந்திருந்தது. நாற்காலிகள். விருந்தினர். மாலை. மாலைக்குள் சட்டம்.

சட்டத்துக்குள் யாரும் இல்லை.

அப்போது அந்த வாசம் வந்தது. ரசம் ஊறிப் புளித்த வாழையிலை. சிறுவயதில் அப்பா வீடு திரும்பும்போது அவருக்கு முன்னால் வரும் வாசம். ஈரப் பாதங்கள் சிமெண்டுத் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தன.

நடராஜன் பெட்டியையே பார்த்தபடி டம்ளரைப் பக்கவாட்டில் நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா."

கோப்பி விழும் சத்தம் கேட்டது. சமையலறையிலிருந்து அல்ல.

நடராஜன் ஒரு வாய் குடித்தார். "நல்லா வச்சிருக்கீங்க ஆளை. எவ்வளவு பணிவு பாருங்க. யாரு இவரு?"

எல்லோரும் ராஜரத்தினத்தைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைப் பார்த்தார். அங்கே, நடராஜனின் தோளுக்குப் பின்னால் வளைந்து நின்ற கிழவர், உதட்டை மடித்து, தலையை மெல்ல ஆட்டினார். சொல்லாதே. பிள்ளையின் கல்யாணம். சொல்லிவிடாதே.

அப்பா என்ற சொல் பல்வரை வந்தது.

"வேலைக்கு இருக்கான்," என்றார் ராஜரத்தினம்.

கண்ணாடிக்குள் கிழவர் நன்றியோடு சிரித்தார். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். நாற்காலிகளுக்குப் பின்னால் நடந்துபோய், கடைசியில், பேத்தியின் முதுகுக்குப் பின் நின்றார். கைகட்டி. காத்து.

"தேதி பார்த்துடலாமா?" என்றாள் நடராஜனின் மனைவி.

சீதா முகம் சிவந்து தலைகுனிந்தாள். திரும்பிப் பார்க்காமலே, தன் எச்சில் தட்டைப் பின்னால் நீட்டி, விரல்களை விட்டாள்.

தட்டு கீழே விழவில்லை.